விட்ட மீனும் கணக்கில் வரும்

அமெரிக்காவின் மில் லாக்ஸ் ஏரிக்கு முதல் முறை தூண்டிலோடு போகிறவர்கள் மீன் பிடிக்கும் வித்தையைவிட, பிடித்ததை உயிரோடு திருப்பி அனுப்பும் வித்தையைத்தான் முதலில் கற்க வேண்டியிருக்கிறது

மே மாத நடுவில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில், மின்னியாபொலிஸ் பக்கத்திலிருந்து வடக்கே போகும் 169-ம் எண் நெடுஞ்சாலையில் வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டியபடி ஊர்கின்றன. பல வண்டிகளின் பின்னால் ஒரு படகு தொற்றிக்கொண்டு வருகிறது. படகுக்குள் தூண்டில் கழிகள், ஐஸ் பெட்டி, மழைக்கோட்டு, குழந்தைகளுக்கான சின்ன லைஃப் ஜாக்கெட்டுகள். நள்ளிரவு தாண்டினால் மீன்பிடி சீசன் ஆரம்பம். தீபாவளிக்கு முந்தைய இரவில் நம் பஸ் நிலையங்கள் எப்படி இருக்குமோ, அப்படி ஒரு பரபரப்பு.

சுமார் 100 மைல் தாண்டினால் மரங்களுக்கு நடுவே நீர் தெரிகிறது. மில் லாக்ஸ் ஏரி. மேற்குக் கரையிலுள்ள காரிஸன் என்ற சிற்றூரில் ஒரு பிரம்மாண்டமான மீன் சிலை வரவேற்கிறது. அந்த மீனின் பெயர் வால்ஐ. 1965 முதல் மின்னசோட்டாவின் மாநில மீன். ஊர் பிழைப்பதே அதை நம்பித்தான் என்பதைச் சிலை சொல்லாமல் சொல்கிறது.

முதல் முறை வருகிறவர் கையில் ஒரு கேள்விப் பட்டியல் இருக்கும். எந்த வாரம் போவது? படகு வாடகைக்குக் கிடைக்குமா? என்ன இரை? எத்தனை அடி ஆழம்? எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் இந்த ஏரி பதிலுக்கு ஒரு கேள்வி வைத்திருக்கிறது. பிடித்த மீனை என்ன செய்யப் போகிறீர்கள்? கடந்த சில பத்தாண்டுகளாக அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இங்கே வழக்கும் வருத்தமும் வருமானமும் சுழல்கின்றன.

தட்டுப் போல ஒரு ஏரி

ஏரியின் பரப்பு சுமார் 1,32,000 ஏக்கர், அதாவது 536 சதுர கி.மீ. ஒடிசாவின் சில்காவில் ஏறக்குறைய பாதி. ஆனால் அதிகபட்ச ஆழமே 42 அடிதான். அகன்ற தட்டில் நீர் ஊற்றி வைத்தது போன்ற அமைப்பு. இதன் அழகும் ஆபத்தும் இதுவே. ஆழம் குறைவாகவும் பரப்பு அதிகமாகவும் இருப்பதால் காற்று எழுந்த கொஞ்ச நேரத்திலேயே அலைகள் உயர்ந்துவிடும். காலையில் கண்ணாடி போலக் கிடந்த நீர், மதியம் சின்னப் படகைப் புரட்டிப்போடும் அளவுக்குக் கொந்தளிக்கும். மே மாதத்தில் நீர் உறைநிலையைவிடச் சில டிகிரிதான் கூடுதலாக இருக்கும். உள்ளே விழுந்தவருக்கு நீச்சல் தெரிந்தாலும் கைகால் மரத்துப்போக அதிக நேரம் ஆகாது.

2013-ல் சீசன் தொடங்கும் வேளையில்கூட ஏரியின் பனி முழுவதும் உருகியிருக்கவில்லை. அந்த மே மாதம் பலத்த காற்று பனிப்பாளங்களைக் கரைமேல் தள்ளியது. கரையோர வீடுகளின் கதவு, ஜன்னல்களை உடைத்துக்கொண்டு பனி உள்ளே புகுந்த படங்களை உலகமே பார்த்தது.

எனவே இங்கே திட்டம் போடுகிறவர் மீனுக்கு முன் காற்றை விசாரிக்க வேண்டும். தெற்கிலும் மேற்கிலும் பாறைத் திட்டுகளும் சரளைக்கல் மேடுகளும் உண்டு. வடபாதியில் நீருக்கடியில் பரந்த சேற்று மேடுகள். எந்தக் கரை அன்று காற்றுக்கு மறைவாக இருக்கிறதோ அந்தக் கரையிலிருந்து புறப்படுவது அனுபவசாலிகளின் வழக்கம். நடு ஏரியில் இரண்டு பாறைத் தீவுகள் தெரியும். அவற்றை நெருங்கி இறங்கிவிடக் கூடாது. ஆலாப் பறவைகள் கூடு கட்டும் அந்தத் தீவுகள் 1915 முதல் தேசிய வனவிலங்குப் புகலிடம். மொத்தப் பரப்பு அரை ஏக்கருக்குச் சற்றே அதிகம். அமெரிக்காவின் மிகச் சிறிய புகலிடம் இதுதான்.

இரண்டு மீன், இரண்டு குணம்

இந்த ஏரிக்கு ஆள் இழுப்பவை இரண்டு மீன்கள். ஒன்று வால்ஐ. பொன்னும் பாசியும் கலந்த நிறம், கூரிய பற்கள், பளபளக்கும் பெரிய கண்கள். பூனையின் கண்ணில் இருப்பது போல இதன் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருக்கிறது. மற்ற மீன்கள் தடுமாறும் மங்கிய வெளிச்சத்தில் வால்ஐக்குப் பார்வை துல்லியம். அதனால் வேட்டைக்குக் கிளம்புவது அதிகாலையிலும், அந்தி மங்கும்போதும், மேகம் மூடி அலை எழும் நாட்களிலும்தான். உச்சி வெயிலில் கலங்கலையோ ஆழத்தையோ தேடி ஒதுங்கிவிடும். தூண்டிலைக் கடிக்கும்போதுகூட ஆர்ப்பாட்டம் கிடையாது. நரம்பில் ஒரு மெல்லிய பாரம், அவ்வளவுதான். புதிதாக வருகிறவர் அதைக் குப்பை என்று நினைத்து விட்டுவிடுவார். இருந்தும் வால்ஐக்கு இவ்வளவு மவுசு ஏன்? ருசி. வெண்மையான சதை, கவிச்சி குறைவு. எண்ணெய்ச் சட்டிக்காகவே படைக்கப்பட்டது என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

இன்னொன்று ஸ்மால்மவுத் பாஸ். வெண்கல நிறம், பக்கவாட்டில் கறுப்புப் பட்டைகள். நல்ல வெளிச்சம், தெளிந்த நீர், பாறை இடுக்கு, அங்கே ஒளியும் நன்னீர் நண்டினம். இவை இருந்தால் போதும். முள் மாட்டிய நொடியில் நீரைக் கிழித்துக்கொண்டு மேலே துள்ளும். கழி வளையும், ரீல் அலறும். சாப்பாட்டுக்காக இதைப் பிடிப்பவர்கள் குறைவு. பிடித்து, படம் எடுத்து, முத்தமிடாத குறையாக நீரில் விடுபவர்களே அதிகம்.

சட்டிக்கு ஒரு மீன், சண்டைக்கு ஒரு மீன் என்று இப்படித்தான் இந்த ஏரி பல காலம் பிரிந்திருந்தது. முதலாவது மீனுக்குச் சோதனை வந்தபோது ஊரே ஆடிப்போனது.

1837-ல் கொடுத்த வாக்கு

இந்தக் கரைகளில் வெள்ளையர்கள் குடியேறுவதற்கு முன்பிருந்தே ஒஜிப்வே பழங்குடியினர் வாழ்கிறார்கள். ஏரிக்கு அவர்கள் மொழியில் ‘பெரிய ஏரி’ என்றே பெயர். 1837-ல் அமெரிக்க அரசுடன் செய்த உடன்படிக்கையில் அவர்கள் ஒரு பெரிய நிலப்பரப்பை விட்டுக்கொடுத்தார்கள். ஆனால் அந்த நிலத்திலும் நீரிலும் வேட்டையாடவும் மீன் பிடிக்கவும் காட்டு அரிசி சேகரிக்கவும் தங்களுக்குள்ள உரிமையை வைத்துக்கொண்டார்கள். காலப்போக்கில் மாநில அரசு அந்த வாக்கை மறந்து, தன் சட்டங்களை அவர்கள் மீதும் ஏவியது.

1990-ல் மில் லாக்ஸ் ஒஜிப்வே குழுவினர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1993-ல் ஒரு சமரசத் திட்டம் மாநில சட்டமன்றத்தில் தோற்றது. ஏரிக் கரையில் வெறுப்புப் பேச்சுகள் ஒலித்தன. 1999 மார்ச்சில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. 5 நீதிபதிகள் ஒஜிப்வேக்கள் பக்கம், 4 பேர் எதிர்ப்பக்கம். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர். 1837-ல் தந்த உரிமையைப் பின்னால் வந்த எந்த ஆணையும் பறித்துவிடவில்லை என்பது தீர்ப்பின் சாரம்.

அதிலிருந்து ஏரியின் வால்ஐக்கு இரண்டு பங்குதாரர்கள். ஏரிக்குக் கெடுதல் இல்லாமல் அந்த ஆண்டு எவ்வளவு பிடிக்கலாம் என்று இரு தரப்பு உயிரியலாளர்களும் சேர்ந்து கணக்கிடுகிறார்கள். மொத்தம் இத்தனை பவுண்டு என்று முடிவாகிறது. அதில் ஒரு பங்கு 8 ஒஜிப்வே குழுக்களுக்கு. அவர்கள் பெரும்பாலும் பனி உருகியதும் வலையாலும் ஈட்டியாலும் பிடிக்கிறார்கள். மீதி மாநிலத்தின் உரிமம் வாங்கிய தூண்டில்காரர்களுக்கு.

2012-ல் இந்த மொத்த அளவு 5 லட்சம் பவுண்டு. 2013-ல் அது இரண்டரை லட்சமானது. 2014-ல் 60,000. 2015-ல் வெறும் 40,000. அதில் தூண்டில்காரர்களின் பங்கு 28,600 பவுண்டு, ஒஜிப்வேக்களின் பங்கு 11,400. மூன்றே ஆண்டுகளில் பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருங்கியது கணக்கு.

தெளிந்த நீரின் விலை

என்ன ஆயிற்று மீனுக்கு? கரையோரத்தில் பலர் வலைகளைக் கைகாட்டினார்கள். சிலர் அரசின் விதிகளைக் குறை சொன்னார்கள். 2014-ல் வெளியிலிருந்து வந்த நிபுணர் குழு கணக்குகளைப் புரட்டிப் பார்த்தது. முட்டையிடத் தாய் மீன்கள் இருந்தன. குஞ்சுகளும் பொரிந்தன. ஆனால் அந்தக் குஞ்சுகளில் பல இரண்டாவது இலையுதிர் காலம்வரை பிழைக்கவில்லை. நடுவில் யாரோ அவற்றைத் தின்றுவிடுகிறார்கள். சந்தேகப் பட்டியலில் பெரிய வால்ஐயும் உண்டு.

இதற்கெல்லாம் பின்னணியில் இருந்தது நீரின் நிறம். கழிவுநீர் கட்டுப்பாடுகளால் 1990-களிலிருந்தே ஏரி தெளியத் தொடங்கியிருந்தது. 2005-ல் வெளிநாட்டுச் சிப்பி ஒன்று ஏரியில் கண்டுபிடிக்கப்பட்டது. ஸீப்ரா மஸல் எனப்படும், விரல் நகம் அளவேயான வரிச்சிப்பி. படகுகளில் ஒட்டிக்கொண்டு ஏரி விட்டு ஏரி தாவும் இந்தச் சிப்பி நீரை வடிகட்டியே வாழ்கிறது. கோடிக்கணக்கில் பெருகியதும் நீர் இன்னும் தெளிந்தது. 2009-ல் முள்வால் கொண்ட நீர்ப்பூச்சி ஒன்றும் வந்து சேர்ந்து, குஞ்சு மீன்களின் உணவான நுண்ணுயிர்களைத் தின்னத் தொடங்கியது.

தெளிந்த நீர் என்றால் நமக்கு நல்ல செய்தி. மங்கலில் வேட்டையாடும் வால்ஐக்கு அது கூரை பிரிந்த வீடு. வெளிச்சத்துக்குப் பயந்து ஆழத்துக்கும், வெப்பத்துக்குப் பயந்து குளிர்ந்த இடத்துக்கும் அது ஒதுங்க வேண்டியிருக்கிறது. அது வசதியாக வாழக்கூடிய இடம் ஏரிக்குள்ளேயே சுருங்கிவிட்டது.

2015 ஆகஸ்ட் 3 இரவோடு வால்ஐ சீசன் பாதியில் நிறுத்தப்பட்டது. தூண்டில்காரர்களின் பங்கு தீர்ந்துவிட்டது என்றது அரசு. விடுதிகளில் பதிவுகள் ரத்தாகின. அடுத்த ஆண்டு பிடித்த வால்ஐ அத்தனையையும் விட்டுவிட வேண்டும் என்று விதி வந்தது. 2017 ஜூலையில் மூன்று வாரம்போல, விட்டுவிடுவதற்காகக்கூட வால்ஐ பிடிக்கக் கூடாது என்று தடை.

பலருக்குப் புரியாத இடம் இதுதான். மீனை விட்டுவிட்டால் ஏரிக்கு என்ன நஷ்டம்? விட்ட மீன் எல்லாம் பிழைப்பதில்லை என்பதே பதில். முள்ளை விழுங்கிய மீன், ஆழத்திலிருந்து அவசரமாக இழுக்கப்பட்ட மீன், வெந்நீர் போன்ற கோடை நீரில் போராடிக் களைத்த மீன் எனப் பல, நீந்திப் போவது போலப் போய்க் கண்ணுக்குத் தெரியாமல் செத்துவிடுகின்றன. இதே ஏரியில் நடத்தி 2007-ல் வெளியான ஆய்வு, நீர் குளிர்ச்சியாக இருக்கும்போது இந்தச் சாவு மிகக் குறைவு என்றும், சூடு ஏற ஏற அது கூடுகிறது என்றும் காட்டியது. ஆகவே விட்ட மீன்களில் எத்தனை செத்திருக்கும் என்று அரசு மதிப்பிட்டு, அந்த எடையையும் தூண்டில்காரர்களின் பங்கில் கழிக்கிறது. ஒரு மீனைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோகாத ஆண்டிலும் பங்கு தீர்ந்துபோகும் விந்தை இப்படித்தான் நடக்கிறது.

நல்ல வேளையாக 2013-ல் பிறந்த வால்ஐக் கூட்டம் பிழைத்துத் தேறியது. பின்னர் கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்ந்தன. ஆனால் விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன, சில சமயம் சீசன் நடுவிலேயே மாறுகின்றன. போன வருடம் போய் வந்த நண்பரின் பேச்சை நம்பி ஐஸ் பெட்டியோடு கிளம்புவது விவேகம் அல்ல.

வெண்கல மீனின் காலம்

வால்ஐயை ஒடுக்கிய தெளிந்த நீர், ஸ்மால்மவுத்துக்கு வரமாக அமைந்தது. 2016 செப்டம்பரில் அமெரிக்காவின் முன்னணி பாஸ் மீன்பிடிப் போட்டிகளில் ஒன்று இங்கே நடந்தது. வென்றவர் மின்னசோட்டாக்காரரான ஸெத் ஃபைடர். மூன்று நாளில் 15 மீன்கள், மொத்த எடை 76 பவுண்டுக்கு மேல். சராசரியாக ஒவ்வொன்றும் 5 பவுண்டு. ஸ்மால்மவுத்தில் 5 பவுண்டு என்பது பலர் வாழ்நாளில் ஒரு முறை பார்க்கும் எடை. அடுத்த ஆண்டு ‘பாஸ்மாஸ்டர்’ பத்திரிகை நாட்டின் சிறந்த பாஸ் ஏரிகளின் பட்டியலில் மில் லாக்ஸுக்கு முதலிடம் தந்தது. வால்ஐ இல்லை என்று காலியாக இருந்த விடுதி அறைகளில் சிலவற்றையாவது புது விருந்தாளிகள் நிரப்பினார்கள்.

ஆனால் இங்கேயும் அதே கேள்வி காத்திருக்கிறது. வடக்கின் குளிர்ந்த நீரில் ஸ்மால்மவுத் மெதுவாகத்தான் வளரும். 20 அங்குல மீனுக்குப் பத்து வயதுக்கு மேல்கூட இருக்கலாம். மே கடைசி, ஜூனில் ஆண் மீன் சரளைக்கல்லில் குழி பறித்து, பெண் இட்டுப்போன முட்டைகளுக்குத் தனியாகக் காவல் நிற்கும். அந்த நேரத்தில் கூட்டின் அருகே எது வந்தாலும் பாய்ந்து கடிக்கும். தூண்டில் உட்பட. புதியவருக்கு அது அதிர்ஷ்டமாகத் தோன்றும். காவல்காரனைப் படகுக்கு மேலே தூக்கிப் படம் எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில், சின்ன மீன்கள் கூட்டைச் சூறையாடிவிடுகின்றன. கூட்டில் நிற்கும் மீனைக் கண்டும் காணாமல் கடந்து போவதே ஏரி அறிந்தவர் செய்வது.

புறப்படும் முன்

எப்போது போகலாம்? சீசன் தொடங்கும் மே நடுவிலிருந்து ஜூன் வரை வால்ஐ ஆழம் குறைந்த கற்பாங்கான பகுதிகளில் கிடைக்கும். நீரும் குளிர்ந்திருப்பதால் விடும் மீன் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். பெரிய ஸ்மால்மவுத்துக்கு ஏற்ற காலம் செப்டம்பர். கூடு காக்கும் வேலை முடிந்து, குளிர்காலத்துக்காக வயிறு நிரப்பும் நேரம் அது. ஜூலை, ஆகஸ்ட் குடும்பத்துக்கு இதமான மாதங்கள், மீனுக்குக் கடினமானவை.

சொந்தப் படகு இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. இருபது, முப்பது பேரை ஏற்றிச் செல்லும் தட்டையான பெரிய படகுகளை விடுதிகள் ஓட்டுகின்றன. தூண்டிலும் இரையும் அவர்களே தருவதுண்டு. முதல் நாள் இதில் போனால் ஏரியின் குணம் பிடிபடும். மறுநாள் ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்ளலாம். சின்னப் படகில் தனியாகப் போவது, காற்றின் போக்கு தெரிந்த பிறகு.

சாமான் விஷயத்தில் எளிமை போதும். ஏழடிக்குச் சற்றுக் குறைவான நடுத்தரக் கழி ஒன்று, 6 முதல் 10 பவுண்டு தாங்கும் நரம்பு, சின்ன ஈயத்தலை முட்கள். பாறை மேட்டின் மேல், நகரும் தக்கைக்குக் கீழே உயிருள்ள அட்டையைத் தொங்கவிடுவது இந்த ஏரியின் பழகிய முறை. நம் ஊரில் காலில் ஏறினால் அலறுகிறோமே, அதே அட்டை இனம்தான். இங்கே கடையில் டப்பாவில் எடை போட்டு விற்கிறார்கள். ஸ்மால்மவுத்துக்கு நண்டு போன்ற ரப்பர் இரையைப் பாறை இடுக்கில் தத்தித் தத்தி நகர்த்தினால் போதும்.

மீனை விடுவதற்குத்தான் உண்மையான ஏற்பாடு தேவை. முள்ளின் கொளுவியை நசுக்கிவிட்டால் கழற்றுவது சுலபம். நீண்ட மூக்குக் குறடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். கைவலை ரப்பர் பூசியதாக இருந்தால் மீனின் செதிலும் வழவழப்பும் உரியாது. கையை நனைத்துக்கொண்டே தொட வேண்டும். தொண்டைக்குள் போன முள்ளைப் பிடுங்கக் கூடாது. நரம்பை வெட்டிவிடுவதே மேல். 30 அடிக்கும் கீழே வால்ஐ கடிக்கிறதென்றால், அதுவும் கோடையில், இடத்தை மாற்றிவிடுவது நல்லது. அளவுகோலைப் படகில் முதலிலேயே விரித்து வைத்திருந்தால் அங்குலக் கணக்குக்காக மீன் காற்றில் மூச்சுத் திணற வேண்டாம்.

மீன் கடிக்காத மதியமும் வீணாகாது. மேற்குக் கரையில் மில் லாக்ஸ் இந்தியர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஒஜிப்வேக்களின் வலையும் ஈட்டியும் காட்டு அரிசியும் இந்த ஏரிக்கு எவ்வளவு பழையவை என்று அங்கே ஒரு மணி நேரத்தில் புரியும். அந்த ஒரு மணி நேரம், பங்குச் சண்டையைப் பற்றிக் கடைத்தெருவில் கேட்கும் பேச்சை நிறுத்துப் பார்க்க உதவும்.

திரும்பும்போது இன்னொரு கடமை. படகைக் கரையேற்றியதும் அடைப்பைக் கழற்றி, உள்ளே தேங்கிய நீர் முழுவதையும் வடித்துவிட வேண்டும். கொடியும் பாசியும் ஒட்டியிருந்தால் அகற்ற வேண்டும். அடைப்பைக் கழற்றி வைத்தபடிதான் சாலையில் போக வேண்டும் என்பது மாநிலச் சட்டம். வரிச்சிப்பி அடுத்த ஏரிக்குப் பயணச்சீட்டு வாங்குவது இப்படி மிஞ்சிய நீரில்தான்.

படகுத் துறையில் சில சமயம், கையில் அட்டையோடு ஒரு மாநில மீன்துறை ஊழியர் நிற்பார். எத்தனை மணி நேரம் பிடித்தீர்கள், எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பார். ஐஸ் பெட்டி காலி என்று சிரித்துக்கொண்டே சொன்னாலும் அவர் எழுதுவதை நிறுத்த மாட்டார். அடுத்த கேள்வி ஒன்று பாக்கியிருக்கிறது: ‘‘எத்தனை விட்டீர்கள்?’’